இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு

“என் வீட்டுக்காரர் பணம் வாங்கினாரா, வாங்கலையா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம். வாங்கியிருந்தாலும் பரவால்ல, எனக்குத் தெரியணும்.”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இதைச் சொன்னவர் பிலோமினா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கறுப்புச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை. கிள்ளானில் ரயிலேறி வந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலிருக்கும் இந்த மாடியை நாலு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

மாடி தாமரையுடையது. போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, இங்கே தனியார் விசாரணை நிலையம் வைத்திருக்கிறார். கொலை, கொள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வருகிற வேலையில் பாதிக்கு மேல் மாப்பிள்ளை விசாரிப்பதுதான். பையன் குடிப்பானா, ஏற்கெனவே எங்காவது பதிவுத் திருமணம் செய்திருக்கிறானா என்று பெண் வீட்டார் கேட்பார்கள், தாமரை பார்த்துச் சொல்வார். சன்னலோரம் நின்றிருந்த சின்னையா, கைப்பேசியில் கூப்பிட்டால் வரும் கிராப் வாடகைக் காரின் ஓட்டுநர். தாமரைக்கு வழக்கு வந்தால் அன்றைய சவாரிகளை நிறுத்திவிட்டு அவருக்கு வண்டி ஓட்டுவார். துப்பறிவதில் தனக்கு இயற்கையிலேயே மூளை உண்டு என்பது சின்னையாவின் நம்பிக்கை. அதைக் கெடுக்க தாமரைக்கு இன்னும் மனம் வரவில்லை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க அக்கா,” என்றார் தாமரை.

பிலோமினா சொன்ன கதை இது. அவர் கணவர் அம்புரோஸ், பந்திங் பக்கம் கிரேன்மோர் தோட்டத்தில் காலமெல்லாம் செம்பனைக் குலை வெட்டியவர். ஓய்வு பெற்றதும் கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அம்புரோஸ் மறுத்தார். லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் அவரைப் போலவே ஓய்வு பெற்ற குடும்பங்கள் நிறைய. கம்பெனி எல்லார் மேலும் பாயவில்லை. அம்புரோஸ் ஒருவர் மேல் மட்டும் வழக்குப் போட்டது. அதில் ஜெயித்தால் மற்றவர்கள் தானாகவே மூட்டை கட்டுவார்கள் என்பது கணக்கு. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அதற்குள் தோட்டத்து ஜனங்கள் அம்புரோஸை முன்னால் வைத்துக்கொண்டு, சட்டம் வேண்டும் என்று ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினர் வாசலாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் மசோதா வந்தேவிட்டது. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு மாற்று வீடு கொடுக்காமல் வெளியேற்றக் கூடாது என்றது மசோதா.

“மக்களவையில அது வந்த அன்னைக்கு எல்லாரும் பஸ் புடிச்சுப் போனோம். மேல பார்வையாளர் மாடத்துல உட்கார வச்சாங்க. ஒத்துக்கிறவங்க சொல்லுங்கன்னு கேட்டதும் அத்தனை பேரும் ஒரே குரலா கத்தினாங்க பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. எங்க லயத்துப் பழனியப்பன் அண்ணே அழுதுட்டாரு. எல்லாரும் எந்திரிச்சு நேரா இங்கதான், பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைச் சாப்பாடு சாப்பிட வந்தோம். அவரு மட்டும் வரல.”

“ஏன்?”

“நீங்க முன்னாடி போங்க, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்னாரு. நாங்க சாப்பிட்டு முடிச்சு, கடைத் தெருவெல்லாம் சுத்திட்டு, கிளம்புற நேரத்துக்குத்தான் வந்தாரு. ஒரு கறுப்புக் கார்ல வந்து இறங்கினாரு. முகமே சரியில்ல. இலை போட்டும் சாப்பிடல.” பிலோமினா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். “அடுத்த வாரமே தோட்டத்து ஆபீசுக்குப் போயி வீட்டுச் சாவியக் கொடுத்துட்டாரு, மேடம். அத்தனை வருஷம் போராடின மனுஷன்! கம்பெனி கேஸ வாபஸ் வாங்கிடுச்சு. நாங்க கிள்ளான்ல ஒரு வாடகை பிளாட்டுக்குப் போனோம். ஏன்னு கேட்டா, ‘கொஞ்ச நாள் பொறு, பிலோ’. அவ்வளவுதான்.”

கையில் வெண்ணெய் வந்த நேரத்தில் தாழியை உடைத்தவனை ஊர் என்ன சொல்லும்? பணம் வாங்கிவிட்டான் என்றது. கறுப்புக் காரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அம்புரோஸ் இறந்தபோது தோட்டத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

“பெட்டி தூக்க ஆள் இல்ல, மேடம். சவப்பெட்டிக் கடைப் பையங்கதான் தூக்கினாங்க. பழனியப்பன் அண்ணேயும் இவரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அவரு வரல.” அதைச் சொல்லும்போதுதான் பிலோமினா அழுதார். “வர்ற சனிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. தோட்டத்துச் சின்னக் கோயில்லயே வைக்கிறேன்னு பாதர்கிட்ட சொல்லிட்டேன். அவங்க முன்னாடி நின்னு ஏதாச்சும் சொல்லணும். அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்.”

தாமரை தண்ணீர் கொடுத்தார். பிறகு, “எப்படி இறந்தாரு?” என்று கேட்டார்.

“கால் புண்ணு. சர்க்கரை இருந்துச்சு. நாடாளுமன்றத்துக்குச் சிலிப்பர் போட்டுக்கிட்டு வரக் கூடாதுன்னுட்டாங்க. இவருக்குச் சப்பாத்து ஏது? என் தம்பி லியோனல் தோட்டத்து ஆபீசுல கிராணி, கணக்கெழுதுறவன். அவன் சப்பாத்த இரவல் வாங்கிப் போட்டாரு. சின்னது. சிலிப்பர ஒரு பிளாஸ்டிக் பையில கையோட எடுத்துக்கிட்டாரு, வெளிய வந்ததும் மாத்திக்கலாம்னு. அன்னைக்கு ராத்திரி பார்க்கிறேன், ரெண்டு குதிகாலும் தோல் உரிஞ்சு சதை தெரியுது. அது ஆறவே இல்ல.”

“மத்தவங்களும் சப்பாத்து போட்டுத்தானே வந்தாங்க?”

“ஆமா. பாதிப் பேருக்கு இரவல்தான். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல.”

“ஆஸ்பத்திரியில ஏதாவது சொன்னாரா?”

பிலோமினா யோசித்தார். “தினம் பேப்பர் வாங்கிட்டு வரச் சொல்லுவாரு. முன்னெல்லாம் படிக்கிற பழக்கமே இல்ல. என்னைப் படிக்கச் சொல்லிட்டு, ‘அமைச்சர் ஏதாச்சும் அறிவிச்சாரா’ன்னு கேப்பாரு. மசோதா ரெண்டு அவையிலயும் பாஸாயிடுச்சே, மாமன்னரும் ஒப்புதல் கொடுத்துட்டாரே, இன்னும் என்ன அறிவிக்கணும்னு கேட்டேன். பதில் சொல்லல.”

தாமரை அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சின்னையாவைத் திரும்பிப் பார்த்து, “நாளைக்குப் பந்திங் போகணும், அண்ணே,” என்றார்.

*

பந்திங்கைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே மண்சாலையில் திரும்பும் வரைக்கும் சின்னையா வழக்கை இரண்டு முறை தீர்த்துவிட்டார்.

“மச்சான்தான் மேடம். கிராணி! கம்பெனி உப்பத் திங்கிறவன். அவன்தான் புரோக்கர். கறுப்புக் கார்ல வந்தது மேலிடத்து ஆளு. சிம்பிள் லா.”

தாமரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லயத்து முன்னால் கார் நின்றதும், நிழலில் உட்கார்ந்திருந்த ஆள் ஒருவர் எழுந்து வந்தார். நெஞ்சுக்கூடு தெரியும் மெலிந்த உடம்பு, முறுக்கிய மீசை. பழனியப்பன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட அவர், தாமரையைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

“இதே மாதிரி வண்டிதான்,” என்றார். “இதே கறுப்பு. அன்னைக்கு அவன் இறங்கினது.”

சின்னையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் சின்ன மைவி வண்டியைக் கம்பெனிக்காரன் கார் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“அவர் பணம் வாங்கினதைப் பார்த்தவங்க யாராவது உண்டா, அண்ணே?” என்று தாமரை கேட்டார்.

“வாங்கிறத எவனாச்சும் காட்டிட்டு வாங்குவானா, மேடம்? பாஸானது காலையில. சாயங்காலம் வரைக்கும் எங்க போனான்? சட்டம் கைக்கு வந்தாச்சு. அவன் வழக்கே ஜெயிச்ச மாதிரிதான். அந்த நேரம் பார்த்துச் சாவியக் கொடுக்கிறான்னா என்ன அர்த்தம்? நாளைக்குக் கம்பெனி சொல்லும், ‘உங்க தலைவரே ஒத்துக்கிட்டாரு, நீங்க என்ன’ன்னு.” பழனியப்பனின் குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்ததாகத்தான் அவரும் நினைத்திருப்பார். “சின்னதுலயே தவறிப்போன அவன் புள்ளைக்கு ஞானஸ்நானத்துல தலைதொட்டப்பன் மாதிரி நின்னவன் மேடம் நான், இந்துவா இருந்தும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“அன்னைக்கு நீங்க சப்பாத்து போட்டிருந்தீங்களா?”

பழனியப்பன் அவரை விசித்திரமாகப் பார்த்தார். “போட்டேன். கடிக்கத்தான் செஞ்சுது. பஸ்ஸுல ஏறினதும் கழட்டிட்டேன். எதுக்கு?”

“சும்மாதான்.”

தோட்டத்து அலுவலகத்தில் லியோனல் அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். குண்டான, நல்ல மனிதர். பேச்சை நிறுத்தத் தெரியாதவர். அக்கா பிளாட்டில் மின்தூக்கி வேலை செய்யாதது முதல் மேனேஜரின் மகளுக்கு வரன் பார்ப்பது வரைக்கும் கேட்காமலே சொன்னார். தான் கேட்கும் எல்லாவற்றையும் மேனேஜரிடமும் இப்படித்தான் சொல்லுவார் என்பது தெரிந்தது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காது, அவ்வளவுதான்.

“இந்த ஆபீசுலேர்ந்து ஒரு காசு போகலீங்க மேடம். சாவிய என் கையிலதான் கொடுத்தாரு. ‘கேஸ எப்ப வாபஸ் வாங்குவீங்க’ன்னு மட்டும் கேட்டாரு. வாங்கியாச்சுன்னு தெரியிற வரைக்கும் தினம் போன் பண்ணினாரு. இதச் சொன்னா எவன் நம்புறான்? கிராணி பேச்சு.” லியோனல் குரலைத் தாழ்த்தினார். “என் சப்பாத்து மேடம் அது. அத நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.”

“மத்த வீடுகள் மேல வழக்குப் போடுவாங்களா?”

“எதுக்கு? தலைவரே விழுந்துட்டாரு, மிச்சம் பேரு ஒவ்வொருத்தரா தானா வருவாங்கன்னு மேனேஜர் சொல்றாரு. கோலாலம்பூர் ஆபீசுலயும் அதேதான். கேஸ் முடிஞ்சதும் வக்கீலயே விட்டுட்டாங்க.”

தாமரை மைலோவைக் குடித்து முடித்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் ஏறினார்.

*

திரும்பும் வழியில் சின்னையாவால் பொறுக்க முடியவில்லை. “என்ன மேடம், மச்சான் இல்லையா?”

“அண்ணே, நாடாளுமன்ற வாசல்லேர்ந்து நடக்க முடியாத ஒரு ஆள் பிரிக்பீல்ட்ஸ் வரணும். எல்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் பக்கத்துல இல்ல. பஸ்காரங்க போயிட்டாங்க. என்ன பண்ணுவாரு?”

“கிராப் எடுப்பா...” சின்னையா பாதியில் நிறுத்தினார். தொழிலே அதுதான், அது தனக்குத் தோன்றவில்லையே என்ற வெட்கத்தில் அவர் முகம் காது வரை சிவந்தது. “கறுப்புக் காரு!”

“கோலாலம்பூர்ல கறுப்புக் கார்ல வர்றவன் எல்லாம் கம்பெனிக்காரன்னா, நீங்கதான் பெரிய முதலாளி. சரி, அந்தச் சப்பாத்துக்கு வாங்க. பழனியப்பனுக்கும் கடிச்சுது, வெளிய வந்ததும் கழட்டிட்டாரு, புண்ணாகல. அம்புரோஸ் கையில சிலிப்பர் இருக்கு. வெளிய வந்திருந்தா முதல் வேலையா மாத்தியிருப்பாரு. ஊர் சுத்தியிருந்தாலும், கம்பெனிக்காரனைப் பார்த்திருந்தாலும் சிலிப்பரோடதான். ஆனா குதிகால் சதை தெரியுற அளவு கிழிஞ்சிருக்கு. அப்படின்னா மத்தவங்க போனதுக்கப்புறம் ரொம்ப நேரம் அவரு சப்பாத்தக் கழட்ட முடியாத இடத்துல இருந்திருக்காரு.”

“நாடாளுமன்றத்துலயேவா?”

“மாடத்துலயே. கால் வலி, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போலாம்னுதான் இருந்திருப்பாரு. உட்கார்ந்தவரு ஏதோ ஒண்ணக் கேட்டிருக்காரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல.”

“அதான் பாஸாயிடுச்சே மேடம், இன்னும் என்ன?”

தாமரை போலீஸில் இருந்தபோது சில வருடங்கள் நாடாளுமன்றக் கட்டடக் காவலில் நின்றவர். நின்ற காலுக்கு வலி மட்டும் மிச்சமாகவில்லை, அவை நடைமுறையும் மனதில் பதிந்திருந்தது.

“பாஸாகல, அண்ணே. அவங்க பார்த்தது ரெண்டாம் வாசிப்பு. முதல் வாசிப்புல மசோதாவோட பேரைப் படிப்பாங்க. ரெண்டாவதுல இது வேணுமா வேணாமான்னு பேசி, வேணும்னு குரல் கொடுப்பாங்க. அதோட முடியாது. அந்த அவையே உடனே ஒரு குழுவா மாறி ஒவ்வொரு பிரிவா எடுத்துப் பார்க்கும். மாத்தணும்னா அங்கதான் மாத்துவாங்க. அப்புறம்தான் மூணாம் வாசிப்பு. நம்ம ஆளுங்க நிச்சயதார்த்தத்துக்கே கல்யாணச் சாப்பாடு சாப்பிடக் கிளம்பிட்டாங்க. தாலி கட்டுறதப் பார்த்தது அம்புரோஸ் ஒருத்தர்தான்.”

அன்றைய கூட்டத்தின் ஒளிப்பதிவு இணையத்தில் இருந்தது. மாடிக்கு வந்ததும் சின்னையாதான் தேடி எடுத்தார். பார்வையாளர் மாடம் நிறைந்திருந்தது, குரல்கள் அதிர்ந்தன, ஜனங்கள் சந்தோஷமாக எழுந்து போனார்கள். கீழே ஓர் அதிகாரி மேசைமேலிருந்த செங்கோலை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார்.

“இதப் பாருங்க,” என்றார் தாமரை. “செங்கோல் கீழ இறங்கினா அவை குழுவாயிடுச்சுன்னு அர்த்தம். அது மேல ஏறுற வரைக்கும் ஒண்ணும் முடியல.”

வேறு மசோதாவுக்காகக் காத்திருந்த உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். உறுப்பினர் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே போயின. உணவு நேரமும் தாண்டியது. பிற்பகலில் அமைச்சர் எழுந்து ஒரு பிரிவில் திருத்தம் கொண்டுவந்தார். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகளில் சட்டம் தலையிடக் கூடாது என்றார். ஆகவே, இந்தச் சட்டம் அமலுக்கு வரும் நாளில் எந்தத் தோட்டத்தில் வீட்டைக் காலி செய்யக் கோரும் வழக்கு நிலுவையில் இருக்கிறதோ, அந்தத் தோட்டத்துக்கு இது பொருந்தாது. எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. அடுத்த பிரிவு.

அந்தச் சமயம் கேமரா ஒரு முறை மேலே திரும்பியது. காலி இருக்கைகளுக்கு நடுவே நீளக்கை பாத்தேக் சட்டை போட்ட ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றார். காவலர் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் உட்கார்ந்தார்.

சின்னையா மெதுவாகக் கேட்டார். “அந்த வீட்டுக்கு மட்டும் இல்லையா மேடம்? அந்தத் தோட்டத்துக்கேவா?”

“தோட்டத்துக்கே. ஒரே ஒரு வழக்கு நிலுவையில இருந்தாலும் முழுத் தோட்டமும் போச்சு. கிரேன்மோர்ல நடந்துக்கிட்டிருந்தது ஒரே ஒரு வழக்கு. அத முடிக்க அவர் கையில இருந்த வழி ஒண்ணுதான். தோத்துப் போறது.”

 சின்னையா கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்பட்டு, சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

*

மறுநாள் கிள்ளான் பிளாட்டில் தாமரை இதை அப்படியே பிலோமினாவிடம் சொன்னார். கைப்பேசியில் அந்தக் காட்சியையும் காட்டினார். பிலோமினா திரையை விரலால் தொட்டார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றார். “நான் என்ன ஊருக்குத் தம்பட்டமா அடிப்பேன்?” கொஞ்ச நேரம் கழித்துத் தானே சொன்னார்: “அடிச்சிருக்க மாட்டேன். ஆனா லியோனல்கிட்ட அழுதிருப்பேன். அவரு என்னைச் சரியாத்தான் தெரிஞ்சு வச்சிருக்காரு.”

பிறகு அவர் முகம் மலர்ந்தது. அன்று வரைக்கும் தாமரை அந்த முகத்தில் பார்க்காத மலர்ச்சி. “பணம் வாங்கல, இல்ல? நாளைக்குப் பூசையில சொல்லிடுறேன், மேடம். பழனியப்பன் அண்ணே முகத்தப் பார்த்துச் சொல்லணும். என் புருஷன் உங்க வீட்டுக்காகத்தான் தெருவுக்கு வந்தாருன்னு.”

இந்த இடத்துக்கு வருவதற்குத்தான் தாமரை பயந்துகொண்டிருந்தார்.

“அக்கா, சட்டம் இன்னும் அமலுக்கு வரல.”

“மாமன்னர்தான் ஒப்புதல் கொடுத்துட்டாரே? அரசிதழ்ல வந்துடுச்சுன்னு நானே அவருக்குப் படிச்சுக் காட்டினேனே?”

“வந்துடுச்சு. ஆனா எந்த நாள்லேர்ந்து அமல்னு அமைச்சர் அறிவிக்கணும். அதான் அவரு தினம் கேட்டாரு. அந்த நாள் வர்ற வரைக்கும் கம்பெனி எந்த வீட்டு மேல வேணும்னாலும் புதுசா ஒரு வழக்குப் போடலாம். போட்டா அந்தத் தோட்டம் மறுபடியும் சட்டத்துக்கு வெளிய போயிடும். இப்ப அவங்க ஜெயிச்சுட்டோம்னு நிம்மதியா இருக்காங்க. முடிஞ்ச கேஸுக்காக யாரும் வக்கீல்கிட்ட போய் உட்கார மாட்டாங்க. நீங்க நாளைக்குச் சொன்னா, அது மேனேஜர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?”

“மேலவையில மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே அவரு?” என்றார் சின்னையா. அவருக்கு யார் மீதாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது.

“கேட்டா அந்தப் பிரிவு எல்லார் கண்ணுலயும் படும். மேலவை திருத்தித் திருப்பி அனுப்புறது அபூர்வம். ஓட்டையும் இருக்கும், கம்பெனிக்கும் தெரிஞ்சு போயிருக்கும்.” தாமரை பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “முடிவு உங்களோடது அக்கா. நீங்க கேட்ட பதில் இதான்.”

“எப்ப அறிவிப்பாங்க?”

“தெரியாது. அடுத்த மாசமும் இருக்கலாம், சில வருஷமும் ஆகலாம். காலக்கெடு கிடையாது.”

பிலோமினா எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். கொதித்த பிறகும் அணைக்காமல் நின்றார்.

*

சனிக்கிழமை கூட்டம் வந்திருந்தது. சாவுக்கு வராதவர்கள், துப்பறிகிற அம்மா ஏதோ சொல்லப் போகிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் பந்திங்கிலிருந்து வந்த பாதர் கிளம்பினார். கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தேநீரும் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ச் சோறும் இருந்தன. யாரும் தொடவில்லை. லியோனல் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டே இருந்தார்.

இப்படி எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, குற்றவாளியை நோக்கி விரல் நீட்டும் நேரத்துக்காக சின்னையா பல வருடம் காத்திருந்தார். இன்று அவர் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தாமரை எழுந்தார். “விசாரிச்சேன். உறுதியா சொல்றதுக்கு ஒண்ணும் கிடைக்கல. மன்னிச்சுக்குங்க.”

கூட்டத்தில் முணுமுணுப்பு. பழனியப்பன் முன்னால் வந்தார். “கிடைக்காதா? சரி. நாங்க பார்த்துக்கிறோம். திங்கக்கிழமை கோலாலம்பூர் ஹெட் ஆபீசுக்கே போறோம். அம்புரோஸ் கேஸ ஏன் வாபஸ் வாங்கினீங்க, என்ன கொடுத்தீங்க, இப்ப எங்க மேல கேஸ் போடுவீங்களா மாட்டீங்களான்னு நேருக்கு நேரா கேக்குறோம். வக்கீல வச்சே கேக்குறோம். என்ன வீரம்மா?”

“ஆமா,” என்றார் வீரம்மா, பிலோமினாவின் பழைய பக்கத்து வீட்டுக்காரர். “இதுக்கு ஒரு முடிவு தெரியணும்.”

தாமரைக்குப் புரிந்தது. தூங்குகிற கம்பெனியை இவர்களே போய் எழுப்பப் போகிறார்கள். 

“போக வேணாம், அண்ணே,” என்றார் பிலோமினா.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் எழுந்து நின்றிருந்தார். பூசைப் புத்தகத்தை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“வாங்கினாரு. பணம் வாங்கினாரு. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவுக்கே எல்லாம் போச்சு. இத்தனை நாள் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“அக்கா,” என்று லியோனல் பதறினார், “நம்ம ஆபீசுல அப்படி எதுவும்...”

“உனக்கு என்னடா தெரியும்? கோலாலம்பூர்ல கொடுத்தாங்க. கறுப்புக் கார்ல வச்சு.” தம்பியைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, லியோனல் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஒரு நாற்காலியை எடுத்து இடம் மாற்றி வைத்தார். “இனிமே யாருகிட்டயும் போய்க் கேக்காதீங்க. செத்தவர அசிங்கப்படுத்தாதீங்க. உங்க கால்ல விழுறேன்.”

 பழனியப்பன் தலைகுனிந்து நின்றார். அவர் தோள் இறங்கியது. சாவுக்குப் போகாதது சரிதான் என்று ஆன நிம்மதியோ, அது பொய்யாக இருக்கக் கூடாதா என்று உள்ளூர ஏங்கிய மனசு உடைந்ததோ, தாமரையால் சொல்ல முடியவில்லை.

“சரி விடு, தங்கச்சி,” என்றார் அவர். “உன் மேல தப்பில்ல. நீ என்ன பண்ணுவ. யாரும் எங்கேயும் போகல.”

அதன் பிறகு எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அதைத்தான் தாமரையால் பார்க்க முடியவில்லை. பெண்கள் பிலோமினாவைச் சூழ்ந்து உட்கார வைத்தார்கள். ஒருத்தி தேநீர் ஆற்றிக் கொடுத்தாள், இன்னொருத்தி பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். மாதாமாதம் வந்து போகணும், வேற்று மனுஷியா நினைக்கக் கூடாது என்றார்கள்.

தாமரை சின்னையாவைத் தேடிப் போனார். அவர் காரின் பின்பக்கம் நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். “நாம எதுக்கு மேடம் கண்டுபிடிச்சோம்?” என்று கேட்டார். தாமரை அவர் தோளில் கை வைத்தார்.

கொட்டகையில் வீரம்மா பிலோமினாவின் கையை வருடிக்கொடுத்தார். “நல்ல மனுஷன்தான், அக்கா. கடைசியில பணத்தப் பார்த்ததும் புத்தி கெட்டுப் போச்சு. ஆசை யார விட்டுது?”

“ஆமா,” என்றார் பிலோமினா, சோற்றைப் பிசைந்தபடி.